தைத்த கையைக் கேலி செய்யாதீர்கள்

அந்த மலைமுகாம் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. தானே தைத்த தோள்பையும், கூடாரத்துக்குப் பதிலாகக் கட்டும் தார்ப்பாயும் கொண்டு வந்த ஒரு தம்பியிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு, முகாம் நடத்தும் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் "இந்த மூட்டையோட எல்லாம் மேல கூட்டிட்டுப் போக முடியாது" என்று வண்டியிலிருந்து இறக்கி நிறுத்தியதையும், அவர் பையைப் பிரித்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டியபோது பின்னால் எழுந்த சிரிப்பையும் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பேசாமல் கடந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதுகாப்புக்காகத்தான் இறக்கினார்கள், இது வெறும் கஞ்சத்தனம் என்றெல்லாம் அதன் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகு அது முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பொருள் மழையையும் காற்றையும் தாங்குமா என்பதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அந்த ஒருங்கிணைப்பாளர் தார்ப்பாயின் மீது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. பையின் தோள்நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்க்கவில்லை. கொசுவலை இருக்கிறதா, இரவுக் குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையைத் திருப்பித் திருப்பி அவர் தேடியது ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டுமே. அது இல்லை என்றதும் முடிவெடுத்துவிட்டார்.

நான் அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தார்ப்பாயின் நடுவில் இரண்டு துணிகள் சேரும் இடம் ஒரு கணம் தெளிவாகத் தெரிகிறது. இரு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மேலே இரண்டு வரிசை தையல் போட்டிருக்கிறார். சிலிக்கான் பூசிய நைலான் துணியில் அப்படித் தைப்பது எவ்வளவு கடினம் என்பது மிஷினில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் துணி கைக்கு நிற்காமல் வழுக்கும். ஒருமுறை குத்திய துளை திரும்ப மூடாது என்பதால் தையல் விழாத இடத்தில் குண்டூசிகூடக் குத்தக் கூடாது. கிளிப் மாட்டிப் பிடித்துக்கொண்டுதான் தைக்க வேண்டும். தையல் மிக நெருக்கமாக விழுந்தால் தபால்தலையின் ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழிந்துபோகும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், ஆகவே பாலியெஸ்டர் நூல் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, சிலிக்கான் பசையை டர்பன்டைனில் கரைத்துத் தையலின் மேல் தூரிகையால் பூசிக் காயவிட வேண்டும். அந்தப் பூச்சின் மினுமினுப்பு காணொளியிலேயே தெரிகிறது. கயிறு கட்டும் மூலைகளில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறார். காற்றில் படபடக்காமல் இழுத்து நிற்பதற்காக ஓரங்களை உள்வாங்கிய வளைவாக வெட்டியிருக்கிறார். இவ்வளவும் அறிந்த ஒருவரைத்தான் விவரம் தெரியாத பையன் என்று சிரித்திருக்கிறார்கள்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறைக்கிறது என்று சிலர் கேட்கலாம். என் அம்மா தையல்காரர். ஜூன் மாதம் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பள்ளிச் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருக்கும். பள்ளிச் சுற்றுலாவுக்கு எனக்குப் புதுப் பை வாங்கப் பணமில்லாத ஆண்டில், குடைத் துணியின் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே தடித்த காடாத்துணி கொடுத்து, ஒரு பை தைத்துத் தந்தார். பேருந்தில் ஒரு பெண் அதைத் தொட்டுப் பார்த்து, "இது எந்தக் கடைப் பை?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்தவள், "கடைப் பை இல்ல, அவங்க அம்மா தைச்சது" என்றாள். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பும் காணொளியில் கேட்ட சிரிப்பும் ஒரே சிரிப்புதான். அந்தப் பை நான் கல்லூரி முடிக்கும்வரை உழைத்தது.

வேலைக்குச் சென்ற பிறகு ஆசை ஆசையாக விலை உயர்ந்த கூடாரம் ஒன்றை வாங்கினேன். வெயிலில் காயவைத்துத்தான் மடித்து வைத்தேன். ஆனாலும் சென்னையின் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, அதன் உட்புறப் பாலியூரித்தேன் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. கடையில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் வாரண்டி வராது மேடம், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "துணி நல்லாத்தான் இருக்கு, பூச்சுதான் போச்சு. வலையையும் ஜிப்பையும் பிரிச்சு எடுத்துக்க" என்றார். அந்த வலையைக் கொண்டு தார்ப்பாயின் கீழே தொங்கவிடும் கொசுவலையைத் தைத்துக் கொடுத்தார். இன்றும் அதற்குள்தான் படுக்கிறேன். தைக்கத் தெரிந்தவருக்குப் பொருள் பழுதானால் எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரியும். வாங்க மட்டுமே தெரிந்தவருக்கு மறுபடி வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியாது.

இப்போது பாதுகாப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். பாறை ஏறும் கயிறு, இடுப்பில் மாட்டும் பட்டை, கொக்கி, தலைக்கவசம் ஆகியவற்றை வீட்டில் செய்யக் கூடாது. தரச்சான்று பெற்றதைத்தான் வாங்க வேண்டும். உயிரைத் தொங்கவிடும் எதையும் வீட்டுத் தையலில் நம்பக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தத் தம்பி கொண்டு வந்தவை ஒரு பை, ஒரு தார்ப்பாய், ஒரு போர்வை. போன இடம் நடந்தே ஏறும் பாதை. அதில் என்ன உயிராபத்து? 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ கொண்டு சென்றதே, அதை யாருடைய பைத் தையலும் உண்டாக்கவில்லை, யாருடைய விலை உயர்ந்த பையும் தடுக்கவும் இல்லை. கோடையில் காய்ந்த புல் சரிவில் நடக்க அனுமதி இருந்ததா, பாதை தெரிந்தவர் உடனிருந்தாரா, தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று சொல்லித்தரப்பட்டதா என்பவைதான் பாதுகாப்புக் கேள்விகள். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைத்தால் கடையில் வாங்கிய அடுப்பும் கார்பன் மோனாக்சைடைத்தான் வெளிவிடும். பாதுகாப்பில் அக்கறை இருப்பவர்கள் இவற்றைக் கேளுங்கள். தம்பியின் பையில் பெயர்ச்சீட்டைத் தேடாதீர்கள்.

ஒரு நண்பர், "அக்கா, நீங்க ஆயிரந்தான் சொல்லுங்க, கம்பெனிப் பொருள் கம்பெனிப் பொருள்தானே?" என்று எழுதியிருந்தார். அவர் மதிக்கும் கம்பெனிகள் எங்கே பிறந்தன என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1952-இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி தன் வீட்டுக் கார் கொட்டகையில் பைக்கான அலுமினியச் சட்டம் செய்ய, அவர் மனைவி நீனா வீட்டில் பையைத் தைத்தார். மலையேறிகள் பெருமையாகச் சுமந்த கெல்டி பைகள் அப்படித்தான் வந்தன. பின்னாளில் பேட்டகோனியா என்ற மலைப்பயண உடை நிறுவனத்தைத் தொடங்கிய இவான் ஷுயினார்ட், 1957-இல் பழைய கரி உலை ஒன்றை வாங்கி, தானே கொல்லுவேலை கற்று, பாறையில் அறையும் முளைகளை அடித்துக் காரில் வைத்து விற்றவர். பாறை இடுக்குகளில் செருகும் வில்பொறிகளை 1970-களில் தானே உருவாக்கிய ரே ஜார்டின், பின்னாளில் நடைபயணிகள் தாங்களே தைத்துக்கொள்ளட்டும் என்று தார்ப்பாய்க்கும் போர்வைக்குமான துணியையும் செய்முறையையும் சேர்த்து விற்றார். கம்பெனி எதுவும் தொடங்காத, 11 பிள்ளைகளைப் பெற்ற எம்மா கேட்வுட் 1955-இல் தன் 67-ஆவது வயதில், தானே தைத்த டெனிம் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். அவர் நம் ஒருங்கிணைப்பாளரிடம் வந்திருந்தால் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

கஞ்சத்தனம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை துணிக்கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்து எழுதட்டும். நல்ல துணி, ஜிப், ரன்னர், பெல்ட் நாடா, பக்கிள், நூல், வெட்டும்போது வீணாகும் துண்டு என்று கணக்குப் போட்டால், சில பொருள்களைக் கடையில் வாங்குவதே மலிவு. என் காலணியையும் தலைவிளக்கையும் நானும் கடையில்தான் வாங்குகிறேன். நாங்கள் தைப்பது நம் மலைக்கும் நம் உடம்புக்கும் பொருந்துவதற்காக. பனிநாட்டுக்கென்று செய்த உறைப்படுக்கைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) நம் நடுமலை இரவுகளில் புழுங்கிப்போகிறது. மேலும், படுத்திருக்கும்போது முதுகுக்குக் கீழே நசுங்கிய பஞ்சு வெப்பத்தைப் பிடித்து வைக்காது. அதனால்தான் தலையணைக்குள் அடைக்கும் ரெக்ரான் போன்ற பாலியெஸ்டர் பஞ்சை வைத்து, பாதப் பகுதியை மட்டும் மூடிய போர்வையாகத் தைத்துக்கொள்கிறோம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க முழங்கால்வரை தைத்துக் கட்டிக்கொள்ளும் காலுறையை எந்தத் தெருத் தையல்காரரும் தைத்துக் கொடுப்பார். தென்மேற்குப் பருவமழையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்தவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோருக்கும் தைக்க நேரம் ஏது என்பவர்களுக்கு: நேரமில்லாதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களை நாங்கள் வண்டியிலிருந்து இறக்கிவிடவில்லையே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே காணொளியின் ஓரத்தில், மலையூரைச் சேர்ந்த வழிகாட்டி அண்ணன் ஒருவர் நிற்கிறார். உரச்சாக்கின் வாயில் கயிறு கட்டி, அதையே தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் இருப்பது அந்தக் குழு முழுவதும் இரவில் சாப்பிடப் போகும் அரிசியும் பருப்பும். அவரையும் அவர் சாக்கையும் யாரும் இறக்கிவிடவில்லை. சுமப்பவரிடம் இருந்தால் அது வேலைக்கான பொருள், கூட நடப்பவரிடம் இருந்தால் தகுதிக் குறைவு என்றால், இங்கே பேசப்படுவது தரமோ பாதுகாப்போ இல்லை. மலைக்கு வரும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூங்கில் கோலும் துணிப்பையுமாக இரவோடு இரவாக வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி இறங்கும் பாட்டிகளையும் தாத்தாக்களையும் பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது.

"ஒரு சின்ன விஷயத்தை ஏன் ஊதிப் பெரிதாக்குகிறீர்கள்?" என்று உள்பெட்டியில் கேட்ட அண்ணன்களுக்கு: அந்தத் தம்பி பையைத் திரும்பக் கட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அது சின்ன விஷயமா என்று பிறகு சொல்லுங்கள்.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்கள் இதைப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் முகாமுக்கு வருபவர்களின் பொருளைச் சோதிப்பது உங்கள் உரிமை, கடமையும்கூட. என்னென்ன வேண்டும் என்று பணம் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எடை ஏற்றி இழுத்துப் பாருங்கள், தாங்கவில்லை என்றால் வீட்டில் தைத்ததையும் மறுங்கள், பல ஆயிரம் கொடுத்து வாங்கியதையும் மறுங்கள். அதற்கு முன்பாக அந்தக் காணொளியை நீக்குங்கள், தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள், அவர் கட்டிய பணத்தைப் பிடித்தம் இல்லாமல் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.