வீடு மாறவில்லை, தொகுதி மாறிவிட்டது

வட கரோலினாவில், ராலே நகரத்துக்குப் பக்கத்தில் 13 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதற்குள் எங்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியின் எண் மாறிவிட்டது, உறுப்பினரும் மாறிவிட்டார். நாங்கள் எங்கேயும் போகவில்லை. எல்லைக்கோடுதான் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது.

அமெரிக்க அரசியல் என்றால் அதிபர் யார் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஆனால் சட்டம் போடுவதும் வரி விதிப்பதும் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ். அதன் இரண்டு அவைகளில், செனட்டுக்கு மாநிலத்துக்கு 2 பேர், மாநிலம் முழுக்க ஓட்டுப் போடும், எல்லைத் தகராறுக்கே இடமில்லை. பிரதிநிதிகள் சபை அப்படியில்லை. 435 தொகுதி, 2 வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் தேர்தல். 10 வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகையைக் கணக்கெடுத்து, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று முடிவு செய்வார்கள். அந்த இடங்களைத் தொகுதிகளாக வெட்டிப் பிரிப்பது பெரும்பாலான மாநிலங்களில் மாநில சட்டமன்றம்தான். அதாவது, அங்கே பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி.

நம் ஊரில் தொகுதி மறுவரையறை என்றால் மாநிலத்துக்கு எத்தனை இடம் குறையும் என்ற கவலை. இங்கே கவலை, கோட்டை யார் போடுகிறார்கள் என்பது.

எதிர்க்கட்சிக்கு ஓட்டு விழும் பகுதிகளை வாரி ஒரே தொகுதிக்குள் அடைத்துவிடுவார்கள். அங்கே அந்தக் கட்சி 75 சதவீதம் வாங்கி ஜெயிக்கும், தேவைக்கு மேல் விழுந்த ஓட்டெல்லாம் வீண். மிச்சம் இருப்பவர்களை நாலு தொகுதிக்குப் பங்கு போட்டால் நாலிலும் 45 சதவீதத்தோடு தோற்கும். ஜெர்ரிமாண்டரிங் என்பது இதுதான். எங்கள் மாநிலத்தில் 2012-ல் குடியரசுக் கட்சி மொத்த ஓட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை. 13 இடங்களில் 9 அவர்களுக்குக் கிடைத்தது.

2016-ல் மறுபடி வரைந்தபோது, சட்டமன்றத்தில் அதற்கான குழுவின் தலைவர்களில் ஒருவரான குடியரசுக் கட்சியின் டேவிட் லூயிஸ் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார்: 10 இடம் எங்களுக்கு, 3 அவர்களுக்கு என்று வரைவோம், 11-2 என்று வரைய முடியும் என நான் நம்பவில்லை, அதனால்தான் 10-3. அந்த வரைபடம் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தையே இரண்டாகப் பிளந்தது. சாலைக்கு இந்தப் பக்கத்து விடுதி ஒரு தொகுதி, அந்தப் பக்கத்து விடுதி இன்னொரு தொகுதி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவள் என்பதாலோ என்னவோ, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-ல் 5-4 என்ற கணக்கில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் நீதிமன்றம் வகுத்த எல்லையோடு தேர்தல் நடந்தபோது 14 இடங்களில் ஆளுக்கு 7. அதே தேர்தலில் மாநில நீதிபதிகள் சிலரும் மாறினார்கள், தீர்ப்பும் மாறியது, சட்டமன்றம் புது வரைபடம் போட்டது. 2024-ல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. அதே நாளில் இதே மக்கள் அதிபருக்கு டிரம்பையும் ஆளுநருக்கு ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனையும் ஜெயிக்க வைத்தார்கள். ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருக்கும் மாநிலம் இது. ஆளுநராவது தடுக்கலாமே என்றால், தொகுதி வரைபட விஷயத்தில் அவருக்கு வீட்டோ, அதாவது தடுக்கும் அதிகாரம், கிடையாது. 2025 அக்டோபரில் 11-3 ஆக்குவதற்காகத் திரும்பவும் கோட்டை நகர்த்தினார்கள்.

இது ஒரு கட்சியின் பாவம் மட்டுமில்லை. 1992-ல் ஐ-85 நெடுஞ்சாலையை ஒட்டி 160 மைல் நீளத்துக்குப் பாம்பு போலத் தொகுதி வரைந்தது இங்கே அன்று பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சி. கறுப்பின மக்களுக்குப் பிரதிநிதித்துவம் என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருந்தது, சரி. மேரிலாந்தில் அவர்கள் வரைந்ததற்கு அந்த நியாயமும் கிடையாது. 2025-ல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்கு 5 இடம் கூடுவது போல வரைந்தது. பதிலுக்குக் கலிஃபோர்னியா, சாதாரண மக்களைக் கொண்ட ஆணையம் போட்டிருந்த எல்லைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஜனநாயகக் கட்சிக்கு 5 இடம் கூடுவது போல வரைந்து, வாக்கெடுப்பிலும் ஜெயித்தது. நண்பர்கள் பலர் கொண்டாடினார்கள். நானும் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன், ஆனாலும் கொண்டாட மனம் வரவில்லை. நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்த ஆணையம் அது.

வேறு வழி இருக்கிறது. மிச்சிகனில் கேட்டி ஃபாஹி என்ற இளம்பெண் 2016 தேர்தல் முடிந்த கையோடு முகநூலில் ஒரு பதிவு போட்டார், இந்த அநியாயத்தைச் சரிசெய்ய யாராவது வருகிறீர்களா என்று. அதிலிருந்து தன்னார்வலர்கள் திரண்டு 4 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கினார்கள். 2018-ல் மக்களே ஓட்டுப் போட்டு அரசமைப்பைத் திருத்தினார்கள். இப்போது அங்கே கோடு போடுவது 13 சாதாரணக் குடிமக்கள்: இரண்டு கட்சியிலிருந்தும் 4 பேர், எதிலும் சேராதவர்கள் 5 பேர். 2022-ல் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் போயின, 2024-ல் ஓர் அவை குடியரசுக் கட்சியிடம் திரும்பியது. மக்கள் மனம் மாறினால் இடமும் மாறுகிறது.

வட கரோலினாவில் அப்படிக் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு நடத்தச் சட்டத்தில் வழியில்லை. சட்டமன்றமே மனம் வைத்தால்தான் உண்டு. அதன் 170 இடங்களுக்கும் 2026 நவம்பரில் தேர்தல். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், வாசலில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்: கோடு போடும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து ஓர் ஆணையத்திடம் கொடுக்க நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா? இந்த மாநிலத்தில் இருக்கும் நம் ஆட்களும் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.