எதிரியைப் படித்தவர், நண்பனைப் படிக்கவில்லை

"நாட்டை ஒரு மிலிட்டரிக்காரர் கையில் கொடுங்க, ஆறு மாசத்துல சரியாயிடும்." டீக்கடையிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு யுலிசஸ் கிராண்ட் ஞாபகம் வந்துவிடும். அமெரிக்க 50 டாலர் நோட்டில் தாடியோடு இருப்பவர்; தளபதியாக இருந்து ஜனாதிபதியானவர்.

ராணுவ வேலையை விட்டு விவசாயம் பார்த்து நொடித்தவர். செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். 1861இல் வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அப்பாவின் தோல் கடையில் வேலை. மூன்றே வருடத்தில் வடக்குப் படைகள் மொத்தத்துக்கும் தலைமைத் தளபதி!

1865 ஏப்ரல் 9, வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸ் கிராமம். சரணடைய வந்த தெற்குத் தளபதி லீ புத்தம்புது சீருடையில், இடுப்பில் வாளோடு இருக்கிறார். ஜெயித்த கிராண்ட் சேறு அப்பிய பூட்ஸும் சாதாரணச் சிப்பாயின் சட்டையுமாக வந்து நிற்கிறார். லீயின் வாளை அவர் கேட்கவில்லை. சொந்தக் குதிரை வைத்திருக்கிறவர்கள் உழவுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார். பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பினார்.

அந்தச் சந்திப்புக்கு லீயை அழைத்து வந்தவர் கிராண்டின் உதவியாளர் பாப்காக். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

1868இல் தேர்தலில் ஜெயித்து எட்டு வருடம் ஜனாதிபதி. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களை வேட்டையாடிய வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானை 1871இல் சட்டம் போட்டு, தெற்கு கரோலினாவுக்குப் படை அனுப்பி ஒடுக்கினார். இதைச் சொல்லாமல் 'ஊழல் ஜனாதிபதி' என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் ஊழல் இருந்தது, அதுவும் பக்கத்து அறையிலேயே. சாராய ஆலைகள் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து வரி ஏய்த்த வழக்கில் சிக்கியவர் வெள்ளை மாளிகைச் செயலாளர். யார்? அதே பாப்காக்! கிராண்ட் அவருக்காகச் சாட்சி சொன்னார், ஆள் விடுதலையானார். போர்க்களத்தில் கூட நின்றவன் பொய் சொல்வான் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. எதிரே நிற்கிறவனை எடைபோடத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் நிற்கிறவனை எடைபோடத் தெரியவில்லை. பட்டாளத்தில் அந்தப் பாடம் கிடையாது என்பது என் கட்சி.

பதவி போன பிறகும் புத்தி வரவில்லை. மகனின் தொழில் கூட்டாளி வார்டு கேட்டான் என்று 1884இல் பெரும் பணக்காரர் வாண்டர்பில்ட்டிடம் 1.5 லட்சம் டாலர் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் நிறுவனம் திவால், பணம் போச்சு. லீயின் வாளைக் கேட்காத மனுஷன், தன் வாள்களையும் பதக்கங்களையும் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் தொண்டைப் புற்றுநோய். குரல் போய், துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிப் பேசும் நிலை. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து தன் நினைவுகளை எழுதி முடித்தார்; சில நாளில், 1885 ஜூலை 23 அன்று, இறந்தார். பதிப்பித்தவர் நண்பரும் எழுத்தாளருமான மார்க் ட்வைன். இந்த ஒரு தடவை நம்பிய ஆள் சரியான ஆள். மனைவி ஜூலியாவுக்குப் போன முதல் காசோலையே 2 லட்சம் டாலர்.