தறிக்காரர் காது போவதும் வேலையில் பட்ட காயம்தான்

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் ரொம்ப வருசமாக விசைத்தறி ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். நம் வாயசைவைப் பார்த்துக்கொண்டேதான் பலரும் பேச்சைப் பிடிப்பார்கள். வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். விசாரித்தால், "தறி ஓட்டுனா காது மந்தமாத்தானுங்க போகும்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

மெஷினில் விரல் மாட்டினால் ஆஸ்பத்திரி, நஷ்டஈடு என்று ஊரே பேசுகிறது. காது போனால் ரத்தம் வருவதில்லை, ஒரே நாளில் போவதுமில்லை, அதனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இரைச்சலால் வரும் காது கேளாமை 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது, 2025இல் அவற்றுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டங்களிலும் இருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சின்னத் தறிக்குடோன்களைத்தான் அந்தத் தொழிற்சாலைச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை, நம்ம பக்கம் அதுதானே அதிகம்!

வேலையிடத்துச் சத்தத்துக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் குடோனில் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம், அதிலும் ஷிப்ட் 12 மணி நேரம். 90க்கும் 100க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், காதில் இறங்கும் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சுக்குரல் போன்ற உயர்ந்த ஒலிகள், அதனால் பேரப்பிள்ளை பேசுவது காதில் விழும், என்ன சொல்கிறது என்று புரியாது. ஷிப்ட் முடிந்ததும் காது அடைத்து 'கொய்ங்' என்று கேட்டு, காலையில் சரியாகிவிடுகிறதென்றால் அதுவே எச்சரிக்கை.

இதில் இன்னொன்று, பல இடங்களில் வீடும் தறியும் ஒட்டியே இருக்கிறது. கைக்குழந்தையைத் தறிக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டித் தூங்க வைக்கிறார்கள். அம்மாவும் தறி ஓட்டினால் வேறு எங்கே போடுவாள் என்பது புரிகிறது, ஆனாலும் அந்தக் குழந்தையின் காதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

முதலாளிகள் காது அடைப்பானை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று விடக்கூடாது. தேய்ந்த பாகத்தை மாற்றி, தறிக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்து, வெறும் சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்காமல் ஏதாவது செய்யுங்கள். அதற்கப்புறம்தான் அடைப்பான். பஞ்சைச் சுருட்டி வைத்தால் பெரிதாக ஒன்றும் தடுக்காது. நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், இதையும் சொல்லிக் கொடுத்தே தர வேண்டும்.

அப்புறம், ஊரில் கண், சர்க்கரை, பிரஷர் முகாம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காதுப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு கூட்டி வந்து உட்கார வைக்காதீர்கள், தறிச்சத்தம் இல்லாமல் ஒரு நாள் கழிந்த பிறகு, அமைதியான அறையில் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.