கோபால் அக்காவும் என் ஃபிளாஷும்

எந்தக் கம்ப்யூட்டர் மொழி படித்தால் வேலை போகாது என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தான். பைத்தானா, ஜாவாவா என்று இரண்டு பெயரையும் அவனே கொடுத்துவிட்டான். கேட்டதும் கோபால் அக்காதான் நினைவுக்கு வந்தார்.

2009இல் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் எனக்கு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் வேலை. இணையப் பக்கங்களில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட வைத்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான மொழி அது. ஃபிளாஷ் தெரிந்தவனுக்குத் தனி மவுசு இருந்த காலம். பக்கத்து வரிசையில் அக்கா, ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி கமெண்ட், அதாவது கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத வெறும் குறிப்பு. எட்டாவதுக்கு முன்னால் கோட் தொடங்கவே கூடாது. எல்லாம் அட்டையில் துளையிட்டு புரோகிராம் எழுதிய பஞ்ச் கார்டு காலத்துச் சம்பிரதாயம். "என்னக்கா, கோபால் பல்பொடியா?" என்று ஓட்டுவோம்.

2010 ஏப்ரலில் ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கடிதம் எழுதினார். அதற்கும் சிரித்தோம். ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி மூடுவிழா நடத்தியது என்னவோ 2020 டிசம்பர் 31இல்தான். நான் அதற்கு வெகுமுன்பே புராஜெக்ட் இல்லாமல் நான்கு மாதம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அதே 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து பழைய கணினிகள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூஜெர்சி ஆளுநர் கேட்டார். 1959இல் கருக்கொண்ட மொழி!

சரி, அப்போ கோபால் படிக்கலாமா? அவசரப்படாதே தம்பி. அக்காவின் டீமில் கோபால் தெரிந்த எத்தனையோ பேரை, புராஜெக்ட் கைமாறியபோது அனுப்பிவிட்டார்கள். அக்காவை விடவில்லை. ஒரு புரோகிராமில் சம்பந்தமே இல்லாமல் ஒரு தேதியைச் சோதிக்கும் இஃப் (if), அதாவது 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனை வரி இருந்தது. அதை எடுத்தால் எந்தப் பழைய பாலிசிக்காரருக்கு முதிர்வுத் தொகை தப்பாகப் போகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எனக்கு ஆக்‌ஷன்ஸ்கிரிப்டிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்குத் தாவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டும் பங்காளிகள். புதிதாகப் போன இடத்தில் பணப் பரிவர்த்தனை பாதியில் நின்றால் என்ன நடக்கும் என்று புரியத்தான் ஒரு வருடம் ஆனது. இப்போது புரோகிராமை ஏஐ எழுதித் தருகிறது, அந்த ஒரு வருடத்தை அது தரவில்லை.

அதனால் பைத்தானோ ஜாவாவோ, உன் கம்பெனியில் இருப்பதைப் படி. உன் புரோகிராம் இன்று ராத்திரி ஓடாவிட்டால் காலையில் யார் போன் செய்வார்கள் என்று விசாரித்து வை.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் பேசினேன். மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாம். "அந்த இஃப்பை யாரோ எடுத்துட்டாங்கப்பா" என்றார்.