சாணக்குழியில் இருப்பதை "மீத்தேன் பாக்டீரியா" என்று சொல்லாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில், கட்டுத்தரைக்குப் பின்னால் ஒரு கோபர் கேஸ் (சாண எரிவாயு) குழி இருக்கிறது. காலையில் சொசைட்டிக்குப் பால் போன பிறகு, அம்மா சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் ஊற்றி, வைக்கோல் துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, கட்டியில்லாமல் கரைத்து உள்ளே விடுவார். மார்கழியில் அடுப்பின் நீலச்சுடர் தாழ்ந்தால், "உள்ள இருக்கறதுக்குக் குளிருது" என்பார். அது சரியான விளக்கம்தான். வெப்பம் குறைந்தால் அந்த உயிர்களின் வேலையும் குறையும்.

தமிழ் வழி வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் நான், அந்த "உள்ள இருக்கறதை" பல ஆண்டுகள் மீத்தேன் பாக்டீரியா என்றே சொல்லி வந்தேன். சக ஆசிரியர்கள் பலரும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதை வெறும் பெயர்ப் பிழை என்று விட்டுவிட முடியாது என்பதே என் கருத்து.

குழிக்குள் நடப்பது இதுதான். சாணத்திலுள்ள நார்ப்பொருளை முதலில் பலவகைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அவை விட்டுவைப்பதை எடுத்துக்கொண்டு மீத்தேனை உண்டாக்கும் கடைசி வேலையைச் செய்பவை வேறு உயிர்கள். அவற்றுக்கு ஆர்க்கியா என்று பெயர். மீத்தேன் உண்டாக்கும் இந்த ஆர்க்கியாக்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. மாட்டின் இரைப்பையிலும், தண்ணீர் கட்டிய நெல்வயலின் சேற்றிலும் மீத்தேனை உண்டாக்குபவை இந்த இனத்தவைதான்.

உருவத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரண்டுமே மிகச் சிறியவை, இரண்டிலும் உட்கரு இல்லை. உருவத்தை நம்பியதால் அறிஞர்களும் நெடுங்காலம் தடுமாறினார்கள். உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் புழுக்களின் வகுப்பில் "கேயாஸ்", அதாவது குழப்பம், என்ற பேரினத்தில் போட்டுவைத்தார். பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றிப் பிரித்தறிய 1884-இல் கிராம் என்ற மருத்துவர் கண்டுபிடித்த சாயமுறை மருத்துவர்களுக்குப் பேருதவியாக இருந்தது. ஆனால் அது செல்சுவரின் தன்மையைச் சொல்லுமே தவிர வம்சாவளியைச் சொல்லாது. 1969-இல் விட்டேக்கர் என்ற அறிஞர் எல்லா உயிர்களையும் பிரித்து வகுத்த ஐந்து உலகங்களிலும் உட்கரு இல்லாதவை அனைத்தும் மொனீரா என்ற ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

அந்தக் கூரையைப் பிரித்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வோஸ். ரைபோசோம் இல்லாமல் எந்தச் செல்லும் புரதம் செய்ய முடியாது. அந்த ரைபோசோமில் இருக்கும் ஆர்.என்.ஏ மிக மெதுவாகவே மாறுகிறது. பாக்டீரியாவில் 16எஸ் எனப்படும் அது சுமார் 1500 எழுத்து நீளமுடையது. இரண்டு உயிர்களில் அந்த எழுத்துகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தால், அவை எவ்வளவு காலத்துக்கு முன் பாகம் பிரிந்தன என்று கணிக்கலாம். இன்றுபோல் முழு வரிசையையும் படிக்கும் கருவிகள் இல்லாத காலம் அது. ஆர்.என்.ஏ-வைத் துண்டு துண்டாக வெட்டி, கதிரியக்கத்தால் படச்சுருளில் விழுந்த புள்ளிகளை விளக்கொளியின் முன் வைத்து, ஆண்டுக்கணக்கில் தனியாக உட்கார்ந்து படித்தார் அவர். சக ஆய்வாளர் ரால்ஃப் வுல்ஃப் வளர்த்துக் கொடுத்த மீத்தேன் உயிரியைச் சோதித்தபோது, எல்லாப் பாக்டீரியாக்களிலும் எதிர்பார்க்கத்தக்க துண்டுகள் அதில் இல்லை. 1977-இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா, இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும்படி வுல்ஃபைத் தொலைபேசியில் எச்சரித்தார். 1990-இல் வோஸ் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா (நம்மைப் போல உட்கரு உள்ள செல்களைக் கொண்டவை) என மூன்று பேருலகங்களை முன்வைத்தார்.

அதன் பிறகு கிடைத்த சான்றுகள் இன்னும் வியப்பானவை. ஆர்க்கியாவின் செல்சவ்வுக் கொழுப்பின் பிணைப்பே வேறு வகை. மரபணுவைப் படியெடுக்கும் அதன் கருவியோ பாக்டீரியாவுடையதைவிட நம்முடையதைப் போன்றது. 2015-இல் ஆர்ட்டிக் கடலடிச் சேற்றில் கிடைத்த டி.என்.ஏ-விலிருந்து லோக்கியார்க்கியா என்ற பிரிவு தெரியவந்த பின், உட்கரு உள்ள செல்கள் ஆர்க்கியாவின் ஒரு கிளையிலிருந்தே தோன்றின என்ற கருத்து வலுப்பெற்றது. அந்தப் பெருங்குழுவைச் சேர்ந்த ஓர் உயிரை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க ஜப்பானிய ஆய்வாளர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இதனால்தான் "கீழ்நிலை உயிரி" என்ற சொல்லையும் வகுப்பறையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறேன். 350 கோடி ஆண்டுகளாக நுண்ணுயிர்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாம் கடந்து வந்த அதே காலத்தை அவையும் மாறிக்கொண்டேதான் கடந்து வந்திருக்கின்றன. அவற்றுக்கு மரபணு பெற்றோரிடமிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் வேற்றினத்திடமிருந்தும் வாங்கிக்கொள்கின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் இவ்வளவு வேகமாகப் பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வகைப்பாட்டை மனப்பாடப் பட்டியலாகக் கொடுப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. தயிரில் இருக்கும் பாக்டீரியாக்கள் சில அடங்கிய லாக்டோபேசில்லஸ் என்ற பேரினத்தை 2020-இல் ஆய்வாளர்கள் 25 ஆகப் பிரித்தார்கள். அவர்கள் கையில் என்ன சான்று இருந்தது என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் புதுப் பெயர்களை மட்டும் எழுத வைத்து என்ன பயன்?

இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய அன்று ஒரு மாணவி எழுந்து, "அப்படின்னா தயிர்ல இருக்கறதைவிட சாணக்குழியில இருக்கறதுதான் நமக்கு நெருங்கின சொந்தமா சார்?" என்று கேட்டாள். ஒரு வழியில் ஆமாம் என்றேன். ஆனால் நம் செல்களுக்குள் இருந்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, எப்போதோ உள்ளே வந்து தங்கிவிட்ட ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல் என்பதையும் சொன்னேன். 1967-இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை விரிவாக வாதிட்டார். அவள் சற்று யோசித்துவிட்டுப் பலகைக்கு வந்து, மனிதக் கிளையிலிருந்து பாக்டீரியாவின் பக்கம் இன்னொரு கோட்டை இழுத்தாள். "அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு" என்றாள். அந்தப் படத்தை அன்று மாலை வரை நான் அழிக்கவில்லை.