வயிற்றுப்போக்குக்கு 2 மாத்திரை போதுமா?

"வெளியே சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் சிப்ரோஃப்ளாக்சசின் 2 மாத்திரை போடுங்கள், நின்றதும் நிறுத்திவிடலாம், டாக்டர் வேண்டாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. சிப்ரோஃப்ளாக்சசின் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்.

பெரும்பாலான வயிற்றுப்போக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே சில நாளில் சரியாகிவிடும். வைரஸால் வந்தது என்றால் அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. சரி, பாக்டீரியாதான் காரணம் என்றால்? மருந்துக்கு அடங்காத கிருமிகளில் முன்னுரிமை தர வேண்டியவை எவை என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். டைஃபாய்டு கிருமி, மற்ற சால்மொனெல்லா வகைகள், ஷிகெல்லா மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த மாத்திரை சேர்ந்த ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்துகளுக்கு அவை அடங்க மறுப்பதுதான் காரணம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் தொடங்கிய டைஃபாய்டு பரவலில், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கும் கைகொடுக்கவில்லை.

தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு மாத்திரையும் குடலில் உள்ள, மருந்துக்கு அடங்கும் கிருமிகளைக் கொன்று, மருந்தை எதிர்த்து நிற்பவற்றுக்கு இடம் விடுகிறது. அவை அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாது என்று அர்த்தம்.

முதலில் தேவை ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள்.