உத்தரவு கிடைத்தால் போதுமா?
"பார்க்கும் உரிமையை நீதிமன்றம் கொடுத்துவிட்டால் அப்பா பிள்ளை உறவு தானாகத் தொடரும்" என்று, மனைவியைப் பிரிந்து வாழும் அப்பாக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தம்பிக்கும் அந்த உத்தரவு கிடைத்தது. சந்திப்பு குடும்பநல நீதிமன்ற வளாகத்தில்தான். பாதி நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வரும். வந்த நாளிலும் பையன் பாட்டியின் முந்தானையை விடாமல், "நீங்க பணமே தரலையாமே" என்று ஒப்பித்தான். ஜீவனாம்சம் மாதாமாதம் வங்கியில் போய்க்கொண்டுதான் இருந்தது! பிள்ளை மனதை இப்படித் திருப்புவது எவ்வளவு பெரிய கேடு என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் தவித்தது அம்மா. 2020இல் இன்னொரு தீர்ப்பில், நேரில் பார்ப்பதோடு போன், வீடியோ காலில் பேசவும் வழி வேண்டும் என்றது. தம்பியின் உத்தரவில் அந்த வரியே இல்லை, வக்கீலும் கேட்கவில்லை. இப்போது வழக்கு நடத்தும் அப்பாக்கள் தயவுசெய்து மனுவிலேயே அதைக் கேளுங்கள்.